உடைத்துப் பார்த்த காலமும் ஊடுருவிப் பார்க்கும் காலமும்

துவாக்குடியில் நான் ஹெல்பராகச் சேர்ந்த பட்டறையின் மூலையில் ஒரு பெரிய வைஸ் இருந்தது. அதன் காலடியில் எப்போதும் உடைந்த தகடுகள் குவிந்து கிடக்கும். எல்லாம் புதிதாகப் பழகுகிறவர்கள் பற்றவைத்தவை. மேஸ்திரி ஜாயிண்ட்டின் மேற்புறத்தைப் பார்த்து நல்லது, கெட்டது என்று ஒரு சொல் சொல்லமாட்டார். வெல்டின் நடுவே ஹேக்சாவால் ஒரு கோடு இழுப்பார். தகட்டை வைஸில் கடிக்கவைப்பார். சம்மட்டியைப் பற்றவைத்தவன் கையிலேயே கொடுத்து, "அடிடா" என்பார்.

இரண்டு மூன்று அடியில் தகடு பிளந்துவிடும். குனிந்து எடுத்துப் பிளந்த முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஸ்லாக் என்கிற கசடு சிக்கியிருந்தால் கறுப்பாகக் கண்ணாடிச் சில்லுபோல மினுங்கும். வாயு அடைபட்டிருந்தால் ஆப்பத்தின் நடுவைப் பிய்த்ததுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அடிவரை உருகிப் பிடிக்காமல் விட்டிருந்தால் தகட்டின் பழைய விளிம்பு அப்படியே நேர்கோடாக நிற்கும். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அவமானம். மேலே அடுக்கிவைத்த காசுகள்போல அழகாகத் தெரிந்த வெல்டு, உள்ளே பிடிக்கவே இல்லை என்று அந்த விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். மேஸ்திரி பக்கத்தில் நின்று, "எங்க விட்டே?" என்று மட்டும் கேட்பார். விட்ட இடம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அதே வட்டாரத்தில், வயதுவந்த தொழிலாளிகளுக்கு வெல்டிங் கற்றுக்கொடுப்பதும் வேறு ஊர்களுக்குப் போய் அவர்களைப் போன்றவர்களின் கைவேலையை மதிப்பிடுவதும் என் பிழைப்பு. நடுவில் எவ்வளவோ மாறிவிட்டது. பெரும்பாலும் நல்லதற்கே மாறியிருக்கிறது. ஆனாலும் அந்த வைஸ் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இன்று யாரும் செய்வதில்லை என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை.

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் தெருவுக்கு நாலு வெல்டர் இருப்பதற்குக் காரணம் திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்த பெல் கொதிகலன் ஆலை 1965இல் இயங்கத் தொடங்கியது. 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே வந்தது. ஆலைக்கு வேண்டிய சட்டங்கள், தாங்கிகள், குழாய்கள் என்று செய்துகொடுக்கச் சுற்றிலும் பட்டறைகள் முளைத்தன. ஓர் அனல்மின் நிலையக் கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் ஜாயிண்ட்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கொடிய அழுத்தத்தில் நீரும் நீராவியும் ஓடும். ஒரே ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனாலும் மின்நிலையம் நின்றுபோகும். பக்கத்தில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கள் தொழிலில் சோதனையை யாரும் சடங்காக நினைத்ததில்லை.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டு. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பெரிய ஆலைகள் பழகுநர்களை எடுத்தன. அந்த வாசல் வழியாகப் போனவர்களுக்குப் பாடத்திட்டமும் உதவித்தொகையும் அகில இந்தியத் தேர்வும் இருந்தன. எட்டாவதைத் தாண்டாதவர்களுக்கும், இருபத்தைந்து முப்பது வயதுக்குமேல் வேறு பிழைப்பிலிருந்து வந்தவர்களுக்கும் இருந்த ஒரே வாசல் மேஸ்திரி.

அந்த வாசலில் முதல் வருடம் முழுக்க, வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைத் தொட முடியாது. கேபிள் இழுக்கவேண்டும், சிலிண்டர் உருட்டவேண்டும், சிப்பிங் சுத்தியால் ஸ்லாக் தட்டி வயர் பிரஷ் போடவேண்டும், டீ வாங்கிவர வேண்டும். இதற்குள்ளேயே படிப்பு நடந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. பிறர் வெல்டில் ஸ்லாக் தட்டித் தட்டி, எது தானாகப் பெயரும், எது ஒட்டிக்கொண்டு பிடிவாதம் செய்யும் என்று கை கற்றுக்கொண்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும், ஆர்க் சரியாக எரிகிறதா என்று சத்தத்திலேயே தெரிந்தது. நிதானமாக எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் வந்தால் சரி. விட்டு விட்டு வெடித்தால் நீளம் கூடிவிட்டது என்று பொருள். கிளாஸ் இல்லாமல் எட்டிப் பார்த்து ஆர்க் அடித்த இரவுகளில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எரியும். அம்மா உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைப்பார்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்தே பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. யாருக்கு எப்போது ஹோல்டர் கைக்கு வரும் என்பது மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. அவருடைய அக்கா மகனுக்கு ஆறு மாதத்தில் வந்தது. எங்களோடு இன்னொருவர் இருந்தார். கிணறு வற்றி, வயலை விட்டுவிட்டு, முப்பத்திரண்டு வயதில் பட்டறைக்கு வந்தவர். நான்கு வருடம் சிலிண்டர் உருட்டினார். "வயசானவன் கை வளையாது" என்று மேஸ்திரி ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய மதிப்பீடு முடிந்துவிட்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவர் தனியாக உட்கார்ந்து, ராடு மாட்டாத வெறும் ஹோல்டரைத் தகட்டின்மேல் ஓட்டிப் பழகுவதை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு அருமையாக நடந்தது. அவரைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒருநாள் நின்றுவிட்டார். சாதி, உறவு, ஊர் பார்த்துக் கை கொடுத்த காலம் அது. அங்கே தேறியவனுக்குக்கூட வெளியே காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "இன்னாரிடம் வேலை பார்த்தவன்" என்ற வாய்ச்சொல்தான் சான்றிதழ். மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டு போனால் அதுவும் இல்லை.

காகிதம் எங்களுக்கு வந்தது கொதிகலன் விதிகளின் வழியாக. 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும் 1950ஆம் ஆண்டின் கொதிகலன் விதிமுறைகளும் அழுத்தக் குழாயில் கைவைக்கும் வெல்டர் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்றன. 'எழுதுவது' என்று எங்கள் பக்கம் சொன்னாலும் எழுத ஒன்றுமில்லை. ஒரு குழாயைப் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்துவிட்டது. வெல்டரின் கையைச் சோதிக்கும் குழாய் மட்டும் அப்படியே சாய்ந்து நிற்கிறது.

சாய்ந்து என்றால் நாற்பத்தைந்து டிகிரி. சிக்ஸ்-ஜி என்று பெயர். குழாயைச் சுழற்ற முடியாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கடிகார முள்போலக் கணக்கு: ஆறு மணியில் தொடங்கி, இந்தப் பக்கமாகப் பன்னிரண்டுக்கு ஏற வேண்டும், மறுபடி ஆறுக்கு இறங்கி, அந்தப் பக்கமாக ஏற வேண்டும். ஆறு மணியில் தலைக்குமேல் உருகிய உலோகம் விழப் பார்க்கும், மூன்று மணியில் வழியப் பார்க்கும், பன்னிரண்டில் குழம்பாகத் தேங்கப் பார்க்கும். ஒரே ஜாயிண்ட்டுக்குள் எல்லா நிலையும் வந்துவிடும். முதல் சுற்றை டிக் டார்ச்சால் ஓட்டி, மேலே எழுபது பதினெட்டு ராடால் நிரப்ப வேண்டும். அந்த ராடை ஓவனில் சுட்டுச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறினால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசல் விடும். கொதிகலனுக்குள் கை நுழையாத இடங்களில் கண்ணாடி வைத்து, பிம்பத்தைப் பார்த்தே பற்றவைப்பதும் உண்டு. இடம் வலமாக மாறித் தெரியும். பதினைந்து வருடம் பழகிய கை அங்கே குழந்தைபோலத் தடுமாறும். அனுபவசாலிக்குப் புதிதாகக் கற்றுக்கொள்வதைவிடப் பழகியதை நிறுத்திவைப்பதுதான் கஷ்டம் என்று நான் முதலில் கண்டது அந்தக் கண்ணாடி முன்னால்.

இந்தச் சோதனையில் குழாயை யாரும் சம்மட்டியால் பிளப்பதில்லை. படம் எடுப்பார்கள். வேலைத்தளம் என்றால் ஆள் நடமாட்டம் இல்லாத இரவில், கயிறு கட்டி எல்லோரையும் விலக்கிவிட்டு, இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியின் முன்வைத்துப் படிக்கத் தெரிந்தவர் படிப்பார். முதல் தடவை நான் தோற்றபோது பலகையில் என் எண்ணுக்கு நேரே 'ரிஜெக்ட்' என்று எழுதியிருந்தது. வேறு விவரம் இல்லை. இரண்டாம் தடவையும் அதே சொல். எங்கே விட்டேன் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. மூன்றாம் தடவைக்கு முன்னால், படம் படிக்கும் ஒரு பெரியவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "உள்ள வா தம்பி" என்று கூப்பிட்டார். இருட்டறையில் என் படத்தை வெளிச்சத்தின் முன் வைத்தார். சாம்பல் நிறத்தில் என் வெல்டு. அதன் நடுவே, ஒரு விரற்கடை நீளத்துக்கு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு. பட்டறை வைஸில் உடைத்துப் பார்த்த அதே விளிம்புதான். அடி பிடிக்கவில்லை. "அஞ்சு மணிகிட்ட அவசரப்பட்டுட்டே" என்றார். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

இனி இன்றைய கதை.

2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலையில் பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதற்குள் ஒரு பிரிவு, முன்பே கற்ற திறனை அங்கீகரிப்பது. படித்துத்தான் தேற வேண்டும் என்பதில்லை, எங்கே எப்படிக் கற்றிருந்தாலும் சரி, செய்துகாட்டினால் சான்றிதழ் என்பது அதன் அடிப்படை. வேலை பார்க்கும் பட்டறைக்கே மதிப்பீட்டாளர் வரலாம். பன்னிரண்டு மணி நேர அறிமுகம், பிறகு மதிப்பீடு. தேறியவருக்குச் சான்றிதழும், ஒரு கட்டத்தில் 500 ரூபாயும் கிடைத்தன. வயலை விட்டு வந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் முன்னால் இது வந்திருந்தால் மேஸ்திரியின் ஒரு வாக்கியம் அவரைத் துரத்தியிருக்காது.

கற்றுக்கொடுத்தவரே மதிப்பிடக் கூடாது என்ற விதியும் கூடவே வந்தது. இதை நான் மனதார வரவேற்கிறேன். நான் பழக்கிய ஆட்களை நான் சோதிக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் வருவார். அவருக்கு யார் அக்கா மகன் என்று தெரியாது. நான் வேறு ஊருக்குப் போகும்போது எனக்கும் அங்கே யாரையும் தெரியாது. வருகைக்குக் கைரேகை, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம், செய்முறைக்கு வீடியோ. ஏமாற்று நடக்காமலிருக்க இவையெல்லாம் வேண்டும்தான். பெண்கள் ஹோல்டர் பிடிக்க வந்திருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் பட்டறைகளில் நிறைந்திருக்கிறார்கள். பழைய வாசலில் இவர்களுக்கு இடமே இருந்திருக்காது. 'டா' போட்டுக் கூப்பிட்ட இடத்தில் இன்று எல்லோரும் 'நீங்க'. ராடு வீணாகாமல் பழக சிமுலேட்டர் வந்துவிட்டது. சென்னையிலேயே ஸ்கில்வேரி என்ற நிறுவனம் அதைச் செய்கிறது. முகமூடிக்குள் திரையில் வெல்டு ஓடும். கோணம், வேகம், ஆர்க் நீளம் எல்லாம் எண்ணாக உடனே தெரியும். சூடும் புகையும் இல்லை என்பது குறைதான். ஆனால் முதல் வாரப் பயத்தைப் போக்க அதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

எங்கே இடறுகிறது என்று காட்ட, ஒரு மதிப்பீட்டில் நான் கண்ட மனிதரைச் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயது. இருபது வருடம் கேட், கிரில், லாரிச் சட்டம் என்று பற்றவைத்த கை. செய்முறையில் அவர் வைத்த வெல்டைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. பிறகு டேப்லெட்டில் கேள்விகள். மின்வில்லின் நீளம் அதிகரித்தால் நேர்வது யாது என்று ஒரு கேள்வி. கீழே நான்கு விடைகள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை. ஆர்க் என்று கேட்டிருந்தால் நான்கு விடையும் இல்லாமல் சொல்லியிருப்பார். அவருடைய இருபது வருடத்தில் 'மின்வில்' என்ற சொல் ஒருநாளும் அவர் காதில் விழுந்ததில்லை. மொழிபெயர்த்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். தமிழில் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு. அந்தத் தமிழ் பட்டறைத் தமிழ் இல்லையே! மதிப்பீட்டின்போது சொல்லுக்கு விளக்கம் தர எனக்கு அனுமதி இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடம் இன்றும் உறுத்துகிறது.

வயதுவந்தவர் வேலைக்குப் பயப்படுவதில்லை, சோதனைக்குத்தான் பயப்படுகிறார். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவருக்குத் தேர்வு என்ற சொல்லே பழைய பிரம்படியைக் கிளப்பிவிடும். தோற்றால் வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் தெரியும், பட்டறையில் தனக்குக் கீழே இருக்கும் பையனுக்குத் தெரியும். அன்றைய கூலியும் போகும். கேமரா ஓடத் தொடங்கியதும் கை நடுங்குகிறது. அதனால் நான் போகும் இடங்களில், வீடியோவைத் தொடங்குவதற்கு முன்னால், கணக்கில் சேராத இரண்டு ராடு எரித்துவிட்டு வரச் சொல்வேன். மூன்றாவது ராடில்தான் ஆள் தன் கைக்குத் திரும்பி வருகிறார். வாய்மொழிக் கேள்வி கேட்க இடமிருந்தால், "அண்டர்கட் என்றால் என்ன?" என்று கேட்கமாட்டேன். "உங்க மருமகன் நாளைக்கு வேலைக்கு வர்றார்னு வைங்க. ஓரத்துல பள்ளம் விழாம இருக்க அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?" என்பேன். அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்துவிடுவார். கையைக் காற்றில் ஓட்டிக்காட்டி, "ஓரத்துல கொஞ்சம் நிறுத்தணும் சார், நடுவுல வேகமா வந்துரணும், கரண்டு கூடிப்போச்சுன்னா..." என்று ஒரு பாடமே நடத்துவார். அதில் எனக்கு வேண்டிய மதிப்பெண் எல்லாம் இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. அன்று பழக்கியவரும் மதிப்பிட்டவரும் ஒரே ஆள். அதில் ஓரவஞ்சனை இருந்தது. ஆனால் தோற்றவனுக்கு அடுத்த நிமிடமே தோற்ற இடம் தெரிந்தது, உடைந்த தகடு அவன் கையிலேயே இருந்தது. இன்று இருவரையும் பிரித்தோம், ஓரவஞ்சனை போயிற்று. பிரித்த இருவருக்கும் நடுவில், கண்ட குறையைத் தொழிலாளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது. மதிப்பீட்டாளர் முப்பது பேரை முடித்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். முடிவு வரும்போது அந்த முப்பது பேரும் வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள். தேறினார், தேறவில்லை என்று செல்பேசியில் ஒரு வரி. அன்று பலகையில் நான் பார்த்த 'ரிஜெக்ட்' இன்று குறுஞ்செய்தியாக வருகிறது. எங்கள் தொழிலில் இது ஒரு தடவையோடு போகிற விஷயமும் அல்ல. சர்வதேச விதிகளின்படி ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டு வைக்காமலிருந்தால் தகுதி போய்விடும். புது சைட்டுக்குப் போனால் புதுச் சோதனை. வளைகுடா வேலை என்றால் அதற்குத் தனி டிரேடு டெஸ்ட். ஐம்பது வயது வெல்டர் தன் வாழ்நாளில் எழுதிய தேர்வுகளை எண்ணி முடிக்க முடியாது. அத்தனையிலும் அவருக்குக் கிடைத்தது ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான் என்றால், அவ்வளவு சோதனையிலிருந்தும் அவர் கற்றுக்கொண்டது என்ன?

நான் பழக்கும் இடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழகும் குழாய்களுக்கும் படம் எடுக்க வேண்டும் என்று போராடி வாங்கினேன். படம் வந்ததும் தேறினாலும் தோற்றாலும் அவரவர் வந்து வெளிச்சப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, தன் படத்தைத் தானே படிக்க வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன். முதலில் எல்லோரும், "எனக்கென்ன சார் தெரியும்" என்பார்கள். கறுப்புப் புள்ளி வாயு அடைபட்டது, கோணல்மாணலான கறுப்புத் திட்டு ஸ்லாக், நடுவே நேர்கோடு அடி பிடிக்காதது என்று ஒரு மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள்.

சமீபத்தில் நாற்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் சிக்ஸ்-ஜி பழகிக்கொண்டிருந்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஃபீஸ் கட்ட வெளிநாடு போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். வரிசையாக இரண்டு குழாய் தோற்றிருந்தது. மூன்றாவதின் படத்தை வெளிச்சத்தில் வைத்தேன். சாம்பல் பட்டையில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. மற்றக் குறைகள் பெரும்பாலும் படத்தில் கறுப்பாகத் தெரியும். இது வெள்ளை. டிக் டார்ச்சின் முனை டங்ஸ்டன்; அது இரும்பைவிட அடர்த்தி, கதிரை மறித்துவிடும். அந்த முனை உருகிய குழம்பைத் தொட்டு, ஒரு துணுக்கு உள்ளே போய்விட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார். படத்தின் ஓரத்தில், இடத்தைக் காட்ட வைத்த ஈய எண்களின் நிழலை விரலால் எண்ணினார்.

"நாலு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல" என்றார். பிறகு, "தொட்டுச்சு சார். தொட்டப்பவே எனக்குத் தெரியும். டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. யாருக்குத் தெரியப் போகுதுன்னு மேல ஓட்டிட்டேன்."

"அந்த நேரத்துல என்ன செஞ்சிருக்கணும்?"

"நிறுத்திட்டு, அந்த இடத்தைக் கிரைண்டர்ல எடுத்துட்டு, முனையை மறுபடி தீட்டிட்டு ஆரம்பிச்சிருக்கணும்."

எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. டங்ஸ்டனைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் ரேக்கிலிருந்து புதிதாக இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.